கோபுரமும் கொடுத்த வீடும்

சென்ற மாதத்தில் நமது நண்பர் ஒருவர் தடித்த படப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம்மைப் பார்க்க வந்தார். அவருடைய புதல்வர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார். அந்நகரத்தின் கட்டிடங்களையெல்லாம் படம் பிடித்துத் தந்தைக்கு அனுப்பியிருக்கிறார். நண்பர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அதில் ஒரு படம் நம் கவனத்தைக் கவர்ந்தது. பிலடெல்பியாவின் நகர மண்டபம். 1901-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 548 அடி. அதன் உச்சியில் அந்த ஊரை நிறுவிய வில்லியம் பென் என்பவர் தொப்பி அணிந்து சிலையாக நிற்கிறார். பென்னின் தொப்பிக்கு மேலே எந்தக் கட்டிடமும் தலை தூக்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஊரார் தமக்குள் ஒப்புக்கொண்ட வாய்ப்பேச்சுதான். ஆயினும் 1987-ஆம் ஆண்டு வரையில் அந்தப் பேச்சுக்கு மரியாதை இருந்தது. அதன் பிறகே ஒரு வானளாவிய கட்டிடம் தொப்பியைத் தாண்டியது.

"பார்த்தீர்களா! கட்டிடத்தை மதிக்கத் தெரிந்த ஜனங்கள்! நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று நண்பர் கேட்டார்.

"தங்களுக்கு எந்த ஊர்?" என்று நாம் கேட்டோம்.

"ராஜபாளையம்" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். தம் வீட்டு வாசலிலிருந்து ஏழெட்டு மைல் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை வைத்துக்கொண்டு, பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தொப்பியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவரை என்னவென்று சொல்வது? ஆனால் சிரித்த பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கோபுரத்தை நாமே எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறோம்? பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டதைத் தவிர? ஆகவே அடுத்த வாரமே இரண்டு ஊர்களையும் பார்த்து வரக் கிளம்பினோம்.

பதினொரு நிலைகள்

வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. ராஜபாளையம் என்றால் நாய். இரண்டும் தத்தம் துறையில் சிறந்தவையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தரிசனம் கொடுப்பது கோபுரந்தான். மேற்கே மலைத்தொடர் நீலமாகப் படுத்திருக்க, அதன் முன்னால் செங்குத்தாக ஒரு கூம்பு தெரிகிறது. மலை இயற்கை செய்தது. இதை மனிதன் செய்தான். இரண்டையும் ஒரே பார்வையில் காண்கிறபோது மனிதன் செய்ததும் அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை.

வடபத்ரசாயி கோவிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. உயரம் சுமார் 192 அடி. இக்காலத்து வீட்டு மாடிக் கணக்கில் பதினாறு மாடி என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடிதான். திருவண்ணாமலைக் கோபுரம் 217 அடி. ஸ்ரீரங்கத்தில் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த ராஜகோபுரம் 1987-ல் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடியாக எழுந்து எல்லோரையும் மிஞ்சிவிட்டது. ஆகவே "எங்கள் கோபுரமே எல்லாவற்றிலும் உயரம்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்கள் யாராவது சொன்னால், வாசகர்கள் மரியாதையாகப் புன்னகை செய்து விட்டுவிடலாம். உயரத்தில் அல்ல, வேறொன்றில் இக்கோபுரத்துக்கு ஈடு காண்பது அரிது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இவ்வளவு பெரிய பாரம் எப்படி நிற்கிறது? கழுத்து வலிக்கும் மட்டும் அண்ணாந்து பார்த்தால் விஷயம் விளங்கும். அடிப்பகுதி முழுவதும் கருங்கல். வாசலும் அதன் இருபுறத்துச் சுவர்களும் கல்லால் எழும்பி நிற்கின்றன. அதற்கு மேலே கல் இல்லை; செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துந்தான். பாரம் கீழே, லேசானது மேலே என்பது முதல் சூத்திரம். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழுள்ள நிலையைவிடச் சிறுத்து உள்வாங்கிப் போகிறது என்பது இரண்டாவது சூத்திரம். உள்ளே முழுவதும் அடைத்துவிடாமல் கூடாக விட்டிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் ஒரு திறப்பு உண்டு. வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகப் போகின்றன. ஆடி மாதத்துக் காற்று மலைக் கணவாயிலிருந்து வேகமாக அடிக்கும் சீமை இது. அந்தக் காற்றை எதிர்த்து மல்லுக்கு நிற்பதைவிட அதற்குக் கொஞ்சம் வழி விடுவது புத்திசாலித்தனம்.

இக்கோபுரத்தைக் கட்டியவர் பெரியாழ்வார் என்பது ஊர் வழக்கு. பாண்டியன் வல்லபதேவனுடைய சபையில் வாதம் செய்து வென்ற பொற்கிழியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் கோபுரத்துக்குச் செலவிட்டார் என்கிறார்கள். பிற்காலத்து அரசர்கள் பலரும் இக்கோவிலில் திருப்பணி செய்திருக்கிறார்கள். அவர்களில் திருமலை நாயக்கர் முக்கியமானவர். எது எப்படியிருந்தாலும், கையில் வந்த செல்வத்தைப் பொதுவில் கொடுத்தவர் கட்டியது என்று ஊரார் நம்ப விரும்புகிறார்களே, அதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையத்துக்குப் போகும்போது அது நமக்கு வேண்டியிருக்கும்.

பொம்மை இல்லாத கோபுரம்

தென்னாட்டுக் கோபுரம் என்றால் நம் கண்ணுக்கு முன்னால் வருவது என்ன? தேவர்கள், அசுரர்கள், பூதங்கள், யாளிகள் என்று ஒரு பெருங்கூட்டம் வர்ணம் பூசிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும் காட்சி. மதுரைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள். இங்கே அந்தக் கூட்டம் இல்லை. சுதை உருவங்கள் மிக மிகக் குறைவு. அரைத்தூண்களும் மாடங்களும் கொடுங்கைகளும் வரிசை வரிசையாக ஏறுகின்றன; நிழலும் வெயிலும் விளையாடுகின்றன; அவ்வளவுதான். ஒரு சங்கீத வித்வான் பிருகாக்களை உதிர்க்காமல் சுத்தமான ராகத்தை மட்டும் ஆலாபனம் செய்வது போலிருக்கிறது. முன்னே நாம் சொல்லாமல் விட்டுவைத்த சிறப்பு இதுவே.

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் ஒரு கோபுரம் இருப்பதை அறியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலும், சர்க்கார் கடிதத்திலும், பஸ்ஸிலும் அது உண்டு. 1949-ஆம் ஆண்டில் ஓவியர் கிருஷ்ணராவ் வரைந்த முத்திரை அது. அதிலுள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று தமிழ்நாடு முழுவதும் பேச்சு. 'இல்லை, ஓவியர் மனத்தில் இருந்தது மதுரை மேலைக் கோபுரம்' என்று சொல்வாரும் உண்டு. இந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. இரண்டு ஊர்களுக்கும் நாம் மறுபடி போகவேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லலாம். பல மதத்தினரும் வாழும் ஒரு ராஜ்யத்துக்குப் பொது அடையாளம் தேவைப்பட்டபோது, குறிப்பிட்ட தெய்வ உருவம் எதையும் முன்னிறுத்தாமல், தமிழ்நாட்டுக் கொத்தனார் கையின் திறமையை மட்டும் காட்டி நிற்கும் ஒரு கோபுரம் ஜனங்களுடைய மனத்துக்குப் பொருத்தமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த முத்திரைக்கு அர்த்தம் ஏற்பட்டது வரைந்தவர் கையால் மட்டும் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோபுரத்தின் அடியிலுள்ள வாசல் நெடுங்காலம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நம் நாட்டுப் பெரிய கோவில்கள் பலவற்றில் ஹரிஜன மக்கள் கோபுரத்தை வெளியில் நின்றே பார்த்தார்கள். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி மதுரையில் வைத்தியநாதய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குள் பிரவேசித்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு இரண்டே வருஷத்தில் கோபுரம் அரசாங்க முத்திரையில் ஏறிற்று. வாசல் திறவாமல் கோபுரம் மட்டும் முத்திரையில் ஏறியிருந்தால் அது பாதிப் பேருக்கு அடையாளமாகவும் மீதிப் பேருக்கு அவமானமாகவும் இருந்திருக்கும்.

மாடியில் பெருமாள்

உள்ளே போவோம். இங்கே இரண்டு கோவில்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று வடபத்ரசாயி கோவில். மற்றொன்று ஆண்டாள் கோவில். இடையே ஆண்டாள் அவதரித்ததாகக் கூறப்படும் நந்தவனம். வடபத்ரசாயி கோவில் இரண்டு தளங்கள் கொண்டது. கீழ்த்தளத்தில் நரசிம்மர், படியேறி மேலே போனால் ஆலிலைமேல் பள்ளிகொண்ட பெருமாள். கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தில் தேக்கு மரத்தில் செதுக்கிய தசாவதார வடிவங்களும் புராணக் காட்சிகளும் உண்டு. கல்லைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு இந்த மரவேலை ஒரு குளுமையைத் தருகிறது. அண்ணாந்து பார்க்க மறந்து, கும்பிட்ட கையோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். நேயர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

ஆண்டாள் கோவில் மண்டபங்களில் ஒரே கல்லில் தூணும் சிற்பமுமாகச் செதுக்கிய வீரபத்திரர் போன்ற உருவங்கள் நிற்கின்றன. விஜயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் கை அது. கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் நிற்க, கருடாழ்வாரும் அவர்களோடு அதே பீடத்தில் நிற்கிறார். மற்றக் கோவில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடனுக்கு இங்கே பக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. விமானத்துக்குப் பொன் தகடு வேய்ந்து 2016-ல் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

மணியோசையும் மகாலும்

கோவிலை விட்டு வெளியே வந்தால் ஊருக்குள் திருமலை நாயக்கர் மகால் ஒன்று இருக்கிறது. மதுரை மகாலைப் பார்த்தவர்களுக்கு இது அதன் தம்பி என்று தோன்றும். மன்னர் இவ்வூருக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டியது. பிற்காலத்தில் நெடுநாள் நீதிமன்றமாக உபயோகப்பட்டது. அரசர் அமர்ந்த இடத்தில் நீதிபதி அமர்ந்ததும், வக்கீல்கள் வாதம் செய்ததும், கட்சிக்காரர்கள் தூணோரத்தில் கவலையோடு காத்திருந்ததும் அக்கட்டிடத்துக்கு இரண்டாவது ஆயுளைக் கொடுத்தன. இன்று அது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் சேர்ந்த சின்னம்.

நாயக்கர் மன்னருக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கதை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்காலப் பூஜை நடந்தது என்று தெரிந்த பிறகே மதுரையில் மன்னர் உணவு கொள்வாராம். எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் அது எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து ஓசையைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் ஒலி எழுப்பி, செய்தியை மதுரைக்குக் கொண்டுபோனார்களாம். அது ஆண்டாள் கோவில் பூஜை என்பார் சிலர். மடவார் விளாகம் வைத்தியநாத சுவாமி கோவில் பூஜை என்பார் சிலர். தந்திக்கும் தொலைபேசிக்கும் முன்னால் தந்தி இல்லாத தந்தி!

ஒரு கலெக்டர் பெயரில்

இவ்வூர்க் கட்டிடங்களில் பக்தர்கள் கண்ணில் படாத ஒன்றை நாம் முக்கியமாகக் குறிப்பிட விரும்புகிறோம். அது பென்னிங்டன் நூல் நிலையம். 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அந்நாளில் இவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஜில்லா கலெக்டராயிருந்த பென்னிங்டன் துரையின் பெயர் நூல் நிலையத்துக்கு வைக்கப்பட்டது. சென்னையில் கன்னிமாரா நூல் நிலையம் திறந்தது 1896-ல். அதற்கு இருபத்தொரு வருஷம் முன்னதாகவே ஒரு கோவில் ஊரில் பொதுஜனங்களுக்காகப் புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள். கலெக்டர் பெயர் வைத்திருக்கிறதே என்று தேசாபிமானிகள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பெயர் யாருடையதாயினும், வாசித்தவர்கள் நம்மவர்களே. பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் இந்தச் சின்னக் கோபுரமும் நிலைத்து நிற்பது நமக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது.

கொடுத்த வீடு

அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. விஜயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். பழையபாளையம், சிங்கராஜா கோட்டை என்ற பெயர்களே பழைய படைவீட்டு வாழ்க்கையை நினைவூட்டுகின்றன. கூடிப் பேசுவதற்கும் விசேஷங்கள் நடத்துவதற்கும் பொதுவான சாவடிகள் உண்டு. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவிய பிறகு ஆலைச்சங்கின் ஒலியும் ஊரோடு சேர்ந்துகொண்டது.

இவ்வூரில் நாம் பார்க்க விரும்பியது கோட்டையுமல்ல, ஆலையுமல்ல; ஒரு வீடு. காந்தி கலை மன்றம் என்று அதற்குப் பெயர். பூ. ச. குமாரசாமி ராஜாவின் வீடாக இருந்தது.

குமாரசாமி ராஜா 1898-ல் இவ்வூரில் பிறந்தார். சிசுப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்தவர். காந்தியடிகளின் வழியில் நின்றவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானபோது சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரி அவரே. கோபுர முத்திரை பிறந்த 1949-ஆம் ஆண்டிலேயே, கோபுரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் பிறந்தவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது காலத்தின் ஒரு விநோதம். 1952 பொதுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னராயிருந்தார். 1957-ல் காலமானார்.

பதவி வகித்தவர்கள் ஊரில் புது மாளிகை கட்டிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இவர் இருந்த வீட்டையே கலைக்காகவும் ஊருக்காகவும் கொடுத்துவிட்டார். அதற்குத் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. காந்தியின் பெயரை வைத்தார். வாசலில் நாம் செருப்பைக் கழற்றியபோது, பொற்கிழியைக் கோபுரத்துக்குக் கொடுத்த பெரியாழ்வார் கதை நினைவுக்கு வந்தது. 192 அடி உயரக் கோபுரமும் வாசற்படி தாழ்ந்த இந்த வீடும் ஒரே குணத்தின் இரண்டு உருவங்கள் என்று தோன்றிற்று.

விழுந்த கோபுரமும் விலைக்கு வந்த மண்டபமும்

நண்பருடைய படப் புத்தகத்துக்குத் திரும்புவோம். பிலடெல்பியாவில் நகர மண்டபத்தைவிடப் பெருமை வாய்ந்த கட்டிடம் ஒன்று உண்டு. உயரத்தில் அது சாமானியமானது. 1776-ல் அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனத்தை நிறைவேற்றியது அங்கேதான். 1787-ல் அரசியல் சட்டம் எழுதியதும் அங்கேதான். அந்தச் சுதந்திர மண்டபத்தையே பிற்காலத்தில் அந்த ராஜ்யத்து அரசாங்கம் விற்றுவிட முற்பட்டது. 1816-ல் நகரத்தார் விலை கொடுத்து வாங்கியிராவிட்டால் இன்று படம் பிடிக்க அங்கே ஒன்றும் இருந்திராது. ஆகவே கட்டிடத்தை மதிப்பது அமெரிக்கர் ரத்தத்தில் ஊறியதல்ல. அவர்களும் இழக்கப் பார்த்துத்தான் காப்பாற்றக் கற்றார்கள்.

நாமோ ஒன்றை இழந்தே பார்த்துவிட்டோம். காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ராஜகோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி இரவில் சரிந்து விழுந்தது. விரிசல் முன்னரே கண்டிருந்தது. சுமார் ஐந்நூறு வருஷம் நின்றது ஒரு சில நிமிஷத்தில் செங்கற்குவியலாயிற்று. 2017-ல் புதிய கோபுரம் எழுந்தது. ஆயினும் பழையது பழையதுதான்.

கோபுரத்துக்குப் பெரிய சத்துரு இடியுமல்ல, பூகம்பமுமல்ல. ஒரு காக்கை போட்ட அரச விதை! செங்கல் இடுக்கில் அது முளைவிட்டு, வேர் சாந்தைப் பிளந்து, பிளவில் மழைநீர் இறங்கினால் போதும். பத்து இருபது வருஷத்தில் யானை பலம் வந்துவிடும். நம் முன்னோர் இதை அறிந்தே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று விதித்தார்கள் போலும். மந்திரமும் தீர்த்தமும் நடப்பதற்கு முன்னால் சாரம் கட்டி, செடியைக் களைந்து, விரிசலை அடைத்து, சுண்ணாம்பு பூசிச் செப்பனிடுவார்கள் அல்லவா? பக்தியோடு பராமரிப்பையும் பஞ்சாங்கத்தில் சேர்த்துவிட்ட சாமர்த்தியம் அது. அந்தச் சுண்ணாம்பின் இடத்தில் சிமெண்டையும் பளபளக்கும் வர்ணத்தையும் அப்புவது பழைய செங்கல்லை மூச்சுத் திணற வைக்கும் காரியம் என்பதைத் திருப்பணிக் கமிட்டியார் நினைவில் வைப்பார்களாக.

கோவிலுக்காவது கும்பாபிஷேகம் உண்டு. வீட்டுக்கும் நூல் நிலையத்துக்கும் என்ன உண்டு? இரண்டு ஊர்களிலும் திண்ணையும் மரத்தூணும் முற்றமும் உள்ள பழைய வீடுகளின் இடத்தில் கண்ணாடி முகப்புக் கடைகள் எழும்பிக்கொண்டிருப்பதை நாம் கண்டோம். எல்லாப் பழைய வீட்டையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குடியிருப்பவர் சௌகரியத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நமக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மகால் நின்றது, நீதிமன்றமானதால். கலெக்டர் பெயர் நின்றது, புத்தகம் படிக்க ஜனங்கள் வந்ததால். முதன் மந்திரியின் வீடு நின்றது, அதை ஊருக்குக் கொடுத்ததால். ஜனங்கள் புழங்கும் கட்டிடத்தில் விரிசல் கண்டால் நாலு பேர் சொல்வார்கள். பூட்டிய கட்டிடத்தில் அரசமரந்தான் குடியேறும்.

ஊருக்குத் திரும்பியதும் நண்பரிடம் விவரம் எல்லாம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சிறு வயதில் அந்தக் கலை மன்றத்து வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை" என்றார்.

வரும் விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து பேரக் குழந்தைகள் வருகிறார்களாம். முதலில் கோபுர வாசலில் நிறுத்தி நிலைகளை எண்ணச் சொல்லப் போகிறாராம். எண்ணி முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும் என்று எச்சரித்திருக்கிறோம். வலித்தால் பாதகமில்லை, பால்கோவா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம். அப்புறம் அந்த வீட்டுக்கும் அழைத்துப் போவதாக வாக்களித்திருக்கிறார்.